250 வருட நாடு

அன்புள்ள ஐயா,

வேலை மாற்றலாகி நியூ மெக்சிகோ மாநிலத்தின் ஆல்பகர்க்கிக்கு வந்து ஒரு வருடம் ஆகிறது. மகள் நான்காம் வகுப்பு. இந்த மாநிலத்தின் வரலாற்றை ஆதிகாலம் முதல் இன்றுவரை ஒரே அட்டையில் போட்டுக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார்கள். எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. 1912இல் மாநிலமானது, அதற்கு முன் மெக்சிகோ, அதற்கும் முன் ஸ்பெயின், அவ்வளவுதானே? கீழடிக்காரர்களான நமக்கு 250 வருட நாட்டின் வரலாற்றைப் படிப்பது கொஞ்சம் வேடிக்கையாகத்தான் இருக்கிறது. இங்கே பாலைவனத்தைத் தவிர ஒன்றுமில்லை, மிளகாய் மட்டும் பிரமாதம். நல்ல புத்தகம் ஒன்று சொல்லுங்கள்.

க.

அன்புள்ள க.,

உங்கள் ஊருக்குப் பக்கத்தில் பூர்வகுடிகள் இன்றும் வாழும் அக்கோமாவைப் பற்றி எழுதவேண்டும் என்று பழைய பயணக் குறிப்பேட்டை ஆறு மாதமாக மேசைமேலேயே வைத்திருக்கிறேன். உங்கள் கடிதம் வந்துவிட்டது, இனி தள்ளிப்போட முடியாது. முதலில் திட்டிவிடுகிறேன், அப்புறம் பேசலாம்.

"கீழடிக்காரர்களான நமக்கு" என்று எழுதுகிறீர்களே, நீங்கள் கீழடியில் ஒரு கூடை மண் அள்ளியிருக்கிறீர்களா? நானும் இல்லை. யாரோ தோண்டியதை வைத்துக்கொண்டு அடுத்தவன் ஊரைப் பார்த்து உதட்டைப் பிதுக்குவது நம்மிடம் புதிதாக வந்திருக்கும் வியாதி. கீழடிக்கு 2600 வருடம் என்கிறோம். உங்கள் வீட்டிலிருந்து காரில் மூன்றரை மணி நேரம் தெற்கே போனால் வெள்ளை மணல் தேசியப் பூங்கா. அங்கே வற்றிப்போன ஏரிப்படுகையில் கிடைத்த மனிதக் காலடித் தடங்களுக்கு 21,000 முதல் 23,000 வருடம். 2021இல் இதை அறிவித்தபோது, வெறும் நீர்த்தாவர விதைகளை வைத்து இத்தனை பெரிய கணக்கா என்று அறிஞர்கள் சண்டை பிடித்தார்கள். பிறகு மகரந்தத்தையும் குவார்ட்ஸ் துகளையும் தனித்தனியாகச் சோதித்தார்கள், அதே வயதுதான் வந்தது.

அதே பூங்காவில் இன்னொரு தடம், கொஞ்சம் பிந்தியது, ஆனாலும் பத்தாயிரம் வருடத்துக்கு மேல். ஒரு பெண் (பதின்வயதுப் பையனாகவும் இருக்கலாம்) இடுப்பில் குழந்தையோடு ஈரச் சேற்றில் ஒன்றரைக் கிலோமீட்டர் வேகமாக நடந்து போயிருக்கிறாள். கை வலித்ததோ என்னவோ, நடுவில் சில இடங்களில் இறக்கி விட்டிருக்கிறாள், அங்கெல்லாம் குட்டிக் காலடிகள். திரும்பி வந்த தடத்தில் குழந்தை இல்லை. இடையில் மாமத் என்ற, அழிந்துபோன யானை இனம் ஒன்று அந்தத் தடத்தை மிதித்துக்கொண்டு போயிருக்கிறது. மரத்தில் தொங்கும் ஸ்லாத் மிருகத்தின் அழிந்துபோன ராட்சத உறவு ஒன்று அந்த இடத்துக்கு வந்ததும் பின்னங்காலில் எழுந்து நின்று திரும்பியிருக்கிறது, மனித வாடை பட்டிருக்கும். உங்கள் மகளின் அட்டையில் முதல் படம் இதுதான். எங்கே ஆரம்பிப்பது என்ற கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டேன்.

சாக்கோ பள்ளத்தாக்கின் அறுநூறு அறைக்கும் மேற்பட்ட கல் வீட்டைப் பற்றியெல்லாம் இணையத்தில் கொட்டிக்கிடக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள். ஜார்ஜ் மெக்ஜங்கினை மட்டும் விட்டுவிடாதீர்கள். டெக்சாசில் அடிமையாகப் பிறந்த கறுப்பினத்தவர், மாடு மேய்த்தவர். 1908இல் ஃபோல்சம் ஊரைப் பெருவெள்ளம் அடித்துப்போன பிறகு வேலி பார்க்கப் போனவர், ஓடைக்கரை அரித்த இடத்தில் ஆழத்தில் எலும்புகள் நீட்டிக்கொண்டிருப்பதைக் கண்டார். இது சாதாரணக் காட்டெருமை இல்லை, அளவு பெரிது என்று அவருக்குப் புரிந்தது. பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னார். 1922இல் இறந்தார். 1926இல்தான் தோண்ட வந்தார்கள், அடுத்த வருடம், பனியுகத்தோடு அழிந்துபோன அந்த எருமையின் விலா எலும்புகளுக்கு நடுவில் கல் ஈட்டிமுனை அகப்பட்டது. அமெரிக்காவில் மனிதன் வந்து மூவாயிரம் வருடம்தான் என்று அடித்துப் பேசிக்கொண்டிருந்தவர்கள் அன்றைக்கு வாயை மூடினார்கள்.

சரி, அக்கோமா.

ஆல்பகர்க்கிக்கு மேற்கே ஒரு மணி நேரம். நூறு மீட்டருக்கு மேல் செங்குத்தாக எழும் பாறை, உச்சியில் தட்டையாக ஒரு ஊர். மின்சாரக் கம்பி கிடையாது, குழாய்த் தண்ணீர் கிடையாது. வழிகாட்டி அந்த ஊர்ப் பெண்தான், நாற்பது வயது இருக்கும். மண் வீடுகளையும் ஏணிகளையும் காட்டிக்கொண்டே வந்தார். நான் பெரிய படிப்பாளி போல முன்னால் போய், "இதையெல்லாம் கட்டியவர்கள் அப்புறம் எங்கே போனார்கள்?" என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை. நீலக் கதவு போட்ட ஒரு வீட்டைக் கைகாட்டி, "என் அம்மா அங்கேதான் இருக்கிறார்" என்றார். வாசலில் மடக்கு மேசை போட்டு, கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட பானைகளை அடுக்கி ஒரு கிழவி உட்கார்ந்திருந்தார். இன்று உங்களைத் திட்டுவதில் பாதி அன்றைக்கு எனக்கு விழுந்திருக்கவேண்டியது.

பிறகு 1599ஐப் பற்றிச் சொன்னார். அதற்கு முந்தைய டிசம்பரில் அக்கோமாக்காரர்கள் ஸ்பானியச் சிப்பாய்கள் சிலரைக் கொன்றார்கள், அதில் ஆளுநர் ஒன்யாத்தேயின் நெருங்கிய உறவுக்காரனும் ஒருவன். ஜனவரியில் படை வந்தது. நூற்றுக்கணக்கானவர்கள் செத்தார்கள். பிடிபட்டவர்களில் இருபத்தைந்து வயது தாண்டிய ஆண்கள் 24 பேருக்கு ஒரு பாதத்தை வெட்டவேண்டும், இருபது வருடம் அடிமை வேலை என்று தீர்ப்பு. இதைச் சொல்லும்போது அந்தப் பெண் ஒரு இடத்திலும் "அவர்கள்" என்று சொல்லவில்லை. எங்கள் பாதங்களை வெட்டச் சொன்னார்கள், எங்கள் பிள்ளைகளைக் கொண்டுபோனார்கள் என்றுதான் சொன்னார். ஆங்கிலத்தில் நாமும் நாங்களும் ஒரே சொல்தான், ஆனால் அவர் சொன்னது நாங்கள் என்று அங்கே நின்ற எனக்குச் சந்தேகமில்லாமல் தெரிந்தது. நாலு நூற்றாண்டுக்கு முன் நடந்ததை நேற்று தெருவில் நடந்ததுபோலச் சொல்கிறவரிடம் போய், எங்கே போனார்கள் என்று கேட்டிருக்கிறேன்!

இதுதான் க., எனக்கு உங்கள் "ஒன்றுமில்லை" மேல் வருகிற எரிச்சல். இங்கே யாருமில்லை, இருந்தவர்கள் போய்விட்டார்கள் என்பதை அந்த மண்ணில் வந்தவனெல்லாம் சொல்லியிருக்கிறான். 1945 ஜூலை 16 விடியற்காலை ஐந்தரைக்கு முதல் அணுகுண்டை அங்கே வெடித்ததும் யாருமில்லாத பாலை என்றுதான். அங்கே இருந்து நோயில் விழுந்தவர்களுக்கு இழப்பீட்டுச் சட்டம் 2025இல்தான் வந்தது.

ஒன்யாத்தேயைத் தெய்வமாக்கி வெண்கலத்தில் குதிரைச் சிலை வைத்திருந்தார்கள். 1998, அவர் வந்த நானூறாவது வருடம். அந்த விழாவை ஒட்டி ராத்திரியோடு ராத்திரியாக யாரோ அந்தச் சிலையின் வலது பாதத்தை அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். 2020இல் சிலையையே எடுத்துவிட்டார்கள்.

250 வருடம் என்கிறீர்களே, 1776இல் கிழக்குக் கரையில் சுதந்திரப் பிரகடனம் எழுதியபோது சாண்டா ஃபே நகருக்கு 166 வயது. அந்தப் பிரகடனத்துக்கு 96 வருடம் முன்னாலேயே அங்கே ஒரு புரட்சி நடந்து ஜெயித்துவிட்டது. போபே என்று ஒருவர், சாண்டா ஃபேயில் சவுக்கடி வாங்கியவர். அக்கோமா போன்ற பூர்வகுடி ஊர்களுக்குப் புவெப்லோ என்று பெயர், அவற்றில் பல ஒன்றுக்கொன்று பாஷை புரியாதவை. நாள் குறித்த கயிறுகளைக் கொடுத்து ஓட்டக்காரர்களை அனுப்பினார். தினம் ஒரு முடிச்சு அவிழ்க்கவேண்டும், முடிச்சு தீர்கிற நாளில் எழுச்சி. இரண்டு ஓட்டக்காரர்கள் மாட்டிக்கொண்டதால் ஒரு நாள் முன்னதாக, 1680 ஆகஸ்டு 10 அன்றே தொடங்கிவிட்டார்கள். பாதிரியார்கள் 21 பேர் உட்பட நானூறு பேர் செத்தார்கள், மிச்ச ஸ்பானியர்கள் எல் பாசோவுக்கு ஓடினார்கள், பன்னிரண்டு வருடம் யாரும் திரும்ப வரமுடியவில்லை. வாஷிங்டன் நாடாளுமன்றக் கட்டடத்துக்கு 2005இல் இந்த மாநிலம் கொடுத்த சிலை போபேயுடையதுதான், கையில் முடிச்சுக் கயிறு. முதுகில் சவுக்குத் தழும்பு செதுக்கியிருக்கிறார்கள், பின்னால் போனால்தான் தெரியும்.

1846இல் அமெரிக்கப் படை வந்ததும், அப்புறம் ஸ்பானிய பாஷை பேசுகிறவர்கள், கத்தோலிக்கர்கள் என்று 1850இலிருந்து 62 வருடம் மாநில அந்தஸ்து தராமல் இழுத்தடித்ததும் மகளின் பாடப்புத்தகத்தில் இருக்கும். புவெப்லோக்காரர்கள் ஓட்டுப் போட 1948 வரை வழக்காட வேண்டியிருந்தது, அது இருக்காது, சேர்த்துக்கொள்ளுங்கள்.

புத்தகம் கேட்டிருந்தீர்கள். பட்டியல் அப்புறம் அனுப்புகிறேன். அதற்கு முன் ஆகஸ்டு 4 அன்று சாண்டா ஃபே போகும் வழியில் உள்ள கேவா புவெப்லோவுக்கு மகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். புனித தோமினிக் திருநாள், சோள நடனம், நூற்றுக்கணக்கான பேர் வெயிலில் பகல் முழுக்க ஆடுவார்கள். தொப்பியும் தண்ணீரும் எடுத்துக்கொள்ளுங்கள், செல்போனை வண்டியிலேயே வைத்துவிடுங்கள், படம் எடுக்கக்கூடாது. ஆட்டம் முடிந்தால் கைதட்டாதீர்கள்.

அன்புடன்.