மரப்பு ஊசி மூளைக்குப் போனால்?

கே: பசுவுக்குக் கருப்பை வெளியே தள்ளியபோது டாக்டர் வாலடியில் ஊசி போட்டார். பின்பக்கம் மட்டும் மரத்தது, மாடு நின்றபடியே இருந்தது. மருந்து மூளைக்குப் போகவில்லையா?

ப: போகும், துளியூண்டு. மரப்பு மருந்தான லிக்னோகெயின் 2% கரைசலில், 5 மில்லியில் இருப்பது 100 மில்லிகிராம். 400 கிலோ மாட்டுக்குக் கிலோவுக்குக் கால் மில்லிகிராம்தான் வருகிறது. போட்ட இடத்து நரம்பில் சோடியம் நுழையும் வாசலை அடைத்து, வலிச் செய்தியை அங்கேயே நிறுத்திவிடும். ரத்தத்தில் கலக்கிற மிச்சம் மூளையை அசைக்கப் போதாது.

கே: கொம்புக் குருத்து சுடுவதற்கு முன் மரப்பு ஊசி போட்டதும் ஆட்டுக்குட்டிக்கு வலிப்பு வந்துவிட்டது. மரக்கவைக்கிற மருந்து எப்படி உதறவைக்கும்?

ப: நல்ல கேள்வி. கல்லூரியில் எனக்கும் இது குழப்பமாகத்தான் இருந்தது. மூளையில் தூண்டுகிற செல்களும் உண்டு, ‘காபா’ என்ற ரசாயனத்தைச் சுரந்து அவற்றை அடக்குகிற செல்களும் உண்டு. லிக்னோகெயின் அளவு ஏறும்போது முதலில் அடங்குவது அடக்குகிற செல்கள்தான். வாத்தியார் மயங்கி விழுந்த வகுப்பறை மாதிரி, தூண்டுகிற செல்கள் ஒரே கூச்சல் போடும். அதுதான் வலிப்பு. அளவு இன்னும் ஏறினால் அவையும் அடங்கி, மூச்சு நிற்கும். டாக்டர் வலிப்பை நிறுத்த டயஸிபாம் போடுவது காபாவின் கையை மறுபடி ஓங்கவைக்கத்தான்.

குட்டிகளில் இது நடப்பது பெரும்பாலும் கணக்குப் பிசகால். தாண்டக் கூடாத அளவு கிலோவுக்கு 5 மில்லிகிராம் என்றால் 4 கிலோ குட்டிக்கு 20 மில்லிகிராம். 2% மருந்தில் அது ஒரே ஒரு மில்லி! ஆட்டின் ஒவ்வொரு கொம்புக்கும் இரண்டு நரம்பு, ஆக நாலு இடத்தில் குத்த வேண்டும். இடத்துக்கு ஒரு மில்லி போட்டால் நாலு மடங்கு ஆகிவிடும். மருந்தை நீர்க்கவைத்துப் பங்கிட வேண்டும்.

கே: கோகெயின், லிக்னோகெயின் — பெயர் ஒன்றுபோல இருக்கிறதே, போதை ஏறுமா?

ப: 1884-ல் வியன்னாவில் டாக்டர் கார்ல் கோலர் தவளையின் கண்ணில் கோகெயின் விட்டுப் பார்த்ததில் தொடங்கிய மரப்பு மருந்துக் குடும்பம் இது. ஆனால் கோகெயினுக்கு இன்னொரு வேலையும் தெரியும்: மூளையில் சுரந்த டோபமைன் என்ற ரசாயனத்தைச் செல் திரும்ப உறிஞ்சவிடாமல் தடுப்பது. போதை அங்கிருந்துதான். அதே குடும்பத்துப் புரோகெயினுக்கு அந்தக் குணம் லேசாக உண்டு. ரீசஸ் குரங்குகள் சோதனைக்கூடத்தில் நெம்புகோலை அழுத்தி அதைத் தாமாகவே ஏற்றிக்கொண்டன. லிக்னோகெயினை அவை சீண்டவில்லை.

கே: என் தொண்டை ஸ்பிரேயைப் பூனை வாயில் அடிக்கலாமா?

ப: கூடாது. அதில் பென்சோகெயின் என்ற மரப்பு மருந்து இருந்தால் மூளைக்கு முன்னால் ரத்தம் கெடும். ஹீமோகுளோபின் ஆக்ஸிஜன் சுமக்காது, ஈறு பழுப்பேறும்.

கே: மீனுக்கு மரப்பு ஊசி உண்டா?

ப: ஊசியே வேண்டாம். மீனுக்கான மயக்க மருந்து டிரைகெயின், பென்சோகெயினின் உடன்பிறப்பு. தண்ணீரில் கரைத்தால் செவுள் வழியாக ரத்தத்துக்கும் மூளைக்கும் போய் மீன் முழுசாக மயங்கும். நல்ல தண்ணீரில் விட்டால் அதே செவுள் வழியாக மருந்து வெளியேறி, எழுந்து நீந்தும். மருந்து அமிலத்தன்மை உள்ளது. சமையல் சோடா சேர்த்துச் சமன் செய்யாமல் மீனை உள்ளே விடாதீர்கள்.