அப்பா உதட்டைப் படித்துப் பார்க்கும் படங்கள்

கேள்வி: ஓடிடி தளங்களில் இந்தியப் படங்களை இத்தனை பேர் பார்க்கிறார்களே, அவற்றின் தரம் உண்மையிலேயே உயர்ந்திருக்கிறதா?

உயர்ந்திருக்கிறது என்றுதான் சொல்வேன். ஆனால் அந்தத் தரத்தில் பாதி எங்கள் வீட்டுக்குள் வந்து சேரவில்லை. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிலை எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது புதுச்சேரி, முதலியார்பேட்டையில். அப்பா இங்கே ஒரு பஞ்சாலையின் தறிக்கூடத்தில் இருபத்தெட்டு வருஷம் வேலை பார்த்தவர். வரிசை வரிசையாகத் தறிகள் ஓடும் கூடத்தில் பக்கத்தில் நிற்பவர் கத்தினாலும் காதில் விழாது. அதனால் அங்கே எல்லோரும் உதட்டைப் பார்த்துத்தான் பேசிக்கொள்வார்கள். மூன்று தறி தள்ளி நிற்கும் ஒருவர் ‘டீ வந்துடுச்சு’ என்று வாயசைத்தால் அப்பாவுக்குப் புரிந்துவிடும். வேலையை விட்டு வரும்போது காது பாதிக்கு மேல் போயிருந்தது, உதட்டைப் படிக்கும் பழக்கம் மட்டும் கூடவே வந்தது. காது மெஷின் வாங்கிக் கொடுத்தோம். மின்விசிறிச் சத்தம், தெருவில் போகும் வண்டிச் சத்தம், பேச்சு எல்லாவற்றையும் அது ஒரே மாதிரி பெரிதாக்குகிறது, தலையை வலிக்கிறது என்று கழற்றி வைத்துவிட்டார்.

அவருக்குச் சினிமா என்றால் உயிர். தியேட்டரில் முன்வரிசையில்தான் உட்காருவார். திரையில் ஒரு முகம் இரண்டு ஆள் உயரத்துக்கு வரும்போது உதடு தெளிவாகத் தெரியும். காது கேட்காமலே படத்தில் முக்கால்வாசியைப் பிடித்துவிடுவார்.

2020-ல் தியேட்டர்கள் மூடின. மே 29 அன்று ‘பொன்மகள் வந்தாள்’ நேராகப் பிரைம் வீடியோவில் வந்தது. தியேட்டர்காரர்கள் எவ்வளவோ எதிர்த்தார்கள், நின்றுவிடவில்லை. நவம்பர் 12-ல் ‘சூரரைப் போற்று’. பிறகு அதற்குச் சிறந்த படம் உட்பட ஐந்து தேசிய விருதுகள். அந்த வருஷம் எங்கள் வீட்டிலும் பிள்ளையின் ஆன்லைன் வகுப்புக்காக இணையம் வந்திருந்தது. ஊரில் இருக்கும் எல்லோரையும் போல நாங்களும் வீட்டில் உட்கார்ந்து படம் பார்க்கத் தொடங்கினோம். அப்பாவுக்கு 32 இஞ்ச் டிவியில் முகம் ஒரு சாண் அளவுக்குச் சுருங்கிவிட்டது.

முதல் வாரமே ஒரு தெலுங்குப் படத்தைத் தமிழ் டப்பிங்கில் போட்டோம். பத்து நிமிஷம் உற்றுப் பார்த்துவிட்டு, “இன்னாம்மா இது? இவன் வேற பாஷை பேசறான்” என்றார். டப்பிங் படத்தில் உதடு ஒரு மொழி, குரல் இன்னொரு மொழி. நமக்குக் காது சொல்வதை மூளை ஏற்றுக்கொள்கிறது, உதடு பொருந்தாதது அரை மணி நேரத்தில் மறந்துபோகிறது. உதட்டை மட்டுமே நம்பி இருப்பவருக்கு அந்தப் படம் மூடிய கதவு. தமிழ்ப் படத்திலும் இது உண்டு. தமிழ் தெரியாத நடிகை வாயசைத்து, வேறொருவர் குரல் கொடுத்தால் அப்பா சட்டென்று கண்டுபிடித்துவிடுவார். “அந்தப் பொண்ணு இன்னா சொல்றான்னு தெரியல, நீ சொல்லு.” இப்போதெல்லாம் நாயகர்கள் வளர்க்கும் அடர்ந்த தாடி, மீசை வேறு. இருட்டுக்குள்ளேயே எடுத்த காட்சிகள் வேறு. ஒரு படம் அவருக்கு எட்டுமா எட்டாதா என்று முதல் பத்து நிமிஷத்திலேயே எனக்குத் தெரிந்துவிடும்.

சரி, அப்படியென்றால் சப்டைட்டில் போட வேண்டியதுதானே என்பீர்கள். அங்கேதான் விஷயமே இருக்கிறது.

இந்தியப் படங்கள் தளங்களில் உலகம் முழுக்கப் போனதற்குக் கதையும் நடிப்பும் காரணம்தான். ஆனால் அவற்றைத் தூக்கிக்கொண்டு போனது திரைக்குக் கீழே ஓடும் அந்த இரண்டு வரி எழுத்து. ‘ஆர்ஆர்ஆர்’ 2022 மே மாதம் நெட்ஃபிளிக்ஸில் வந்தபோது அங்கே இருந்தது இந்தி வடிவம். தெலுங்கு மூலம் வேறொரு தளத்தில் இருந்தது. அதாவது அமெரிக்காவில் பார்த்த எத்தனையோ பேர் தெலுங்கில் அசையும் உதட்டுக்கு இந்திக் குரலைக் கேட்டு, ஆங்கில எழுத்தைப் படித்து ரசித்திருக்கிறார்கள். அடுத்த மார்ச்சில் அதன் பாட்டுக்கு ஆஸ்கர். ‘மகாராஜா’ 2024 ஜூனில் தியேட்டருக்கு வந்தது, ஜூலையில் நெட்ஃபிளிக்ஸ், நவம்பரில் சீனாவில் தியேட்டர்கள். முன்னும் பின்னுமாகக் காலத்தை மாற்றிச் சொல்லும் அந்தத் தமிழ்க் கதையை மொழி தெரியாத ஊர்க்காரர்கள் பின்தொடர்ந்தது எழுத்தின் உதவியால்தான். எங்கேயோ இருக்கும் ஒருவருக்குத் தமிழ்ப் படம் இவ்வளவு அருமையாகக் கிடைக்கிறது என்பதில் எனக்கு உண்மையான சந்தோஷம்.

ஆனால் எங்கள் வீட்டில் நாங்கள் போட்ட தமிழ்ப் படங்களில் முக்கால்வாசிக்குத் தமிழில் சப்டைட்டில் வரி இல்லை. ஆங்கிலம் இருக்கும். சிலவற்றில் வேறு இந்திய மொழிகள்கூட இருக்கும். தமிழ்ப் பேச்சுக்குத் தமிழ் எழுத்து மட்டும் இருக்காது. தமிழ் பேசுகிறவருக்குத் தமிழ் எழுத்து எதற்கு என்று நினைத்துவிடுகிறார்கள் போலிருக்கிறது. அப்பா எட்டாம் வகுப்பு வரை படித்தவர். தினமும் காலையில் பேப்பரை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படிப்பவர். ஆங்கிலம் தெரியாது.

அதனால் என் மகள் ஒரு வேலை செய்வாள். தாத்தாவுக்கு எதிரே, டிவிக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, ஓடும் ஆங்கில வரியைப் படித்துத் தமிழில் வாயசைப்பாள். தமிழில் எழுதிய வசனம் ஆங்கிலத்துக்குப் போய், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையின் வாய்வழியாக மறுபடி தமிழுக்கு வரும். போய்த் திரும்புவதற்குள் என்னென்னவோ உதிர்ந்துவிடும். ‘பங்காளி’ என்று ஒருவன் கூப்பிட்டதை ஆங்கிலத்தில் வெறும் சகோதரன் ஆக்கியிருப்பார்கள். அவள் அதை ‘அண்ணன்’ என்பாள். பங்காளிக்கும் அண்ணனுக்கும் நடுவில் நம் ஊரில் எத்தனை சொத்துத் தகராறு இருக்கிறது! அப்பா குழம்பிப்போய், “அவன் கூடப் பொறந்தவனா? அப்போ கல்யாணத்துக்கு ஏன் கூப்பிடல?” என்று கேட்பார். படத்தை நிறுத்திவிட்டுச் சொந்தபந்தத்தை விளக்க வேண்டும்.

‘ஜெய் பீம்’ பார்த்ததை மறக்க முடியாது. 2021 நவம்பர் 2-ல் வந்தது. அம்மாவுக்குப் பிறந்த ஊர் விருத்தாசலம் பக்கம். அந்தப் படத்துக்கு மூலமான சம்பவம் 1993-ல் நடந்ததும் அந்தப் பக்கத்து முதனை கிராமத்தில்தான். அப்போது வழக்கறிஞராக இருந்து, பின்னாளில் உயர் நீதிமன்ற நீதிபதியான சந்துரு நடத்திய வழக்கு. உண்மையில் பாதிக்கப்பட்டவர்கள் குறவர் சமூகத்தினர், படத்தில் இருளர்களாகக் காட்டியிருந்தார்கள். கடலூர் மாவட்டத்தின் ஒரு மூலையில் காவல் நிலையத்துக்குள் நடந்த கொடுமையை இத்தனை நாட்டு மக்கள் பார்த்தார்கள் என்பதை நினைத்தால் இன்றும் மனசு கனக்கிறது. தியேட்டரில் வந்திருந்தால் ஒரு வாரத்தில் எடுத்திருப்பார்களோ என்னவோ.

முதல் பாதியில் அப்பா திணறினார். இரவுக் காட்சிகள், அழுகை, கூச்சல், ஒரே நேரத்தில் நாலு பேர் பேசுவது. அம்மா அழுதுகொண்டிருந்தார், அப்பா அம்மாவின் முகத்தைப் பார்த்துத்தான் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டார். நீதிமன்றக் காட்சிகள் வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஒருவர் பேசும்போது மற்றவர்கள் பேசுவதில்லை, வெளிச்சம் முகத்தில் விழுகிறது, கேமரா முகத்துக்கு நேரே நிற்கிறது. பேத்தியைப் பார்த்துக் கையமர்த்திவிட்டார். ‘நீ சொல்ல வேணாம், எனக்கே தெரியுது’ என்று அர்த்தம்.

அதற்கப்புறம்தான் தரம் என்பதை நான் வேறு மாதிரி பார்க்கத் தொடங்கினேன். கதை எப்படி, நடிப்பு எப்படி என்று கேட்பதோடு, பேச்சு போய்ச் சேருகிறதா என்றும் கேட்டுப் பார்க்கிறேன். காது நன்றாகக் கேட்கிற எனக்கே பல படங்களில் சேருவதில்லை. வசனம் முணுமுணுப்பாக இருக்கும், சத்தத்தைக் கூட்டினால் சண்டைக் காட்சியில் பக்கத்து வீடு வரை அதிரும். இதற்கு ஒரு காரணம் இருக்கிறது. தியேட்டருக்காகச் செய்யும் 5.1 ஒலிக்கலவையில் (சுற்றிலும் வைத்த ஆறு ஸ்பீக்கர்களுக்கானது) வசனம் பெரும்பாலும் திரைக்கு நடுவில் இருக்கும் ஸ்பீக்கரில் வரும். வீட்டு டிவியில் நடு ஸ்பீக்கர் கிடையாது. இருக்கிற இரண்டுக்குள் எல்லாவற்றையும் மடித்துப் போடும்போது பின்னணி இசை வசனத்தின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. போதாக்குறைக்கு இப்போதைய மெல்லிய டிவிகளில் ஸ்பீக்கர் கீழே பார்த்தோ பின்னால் பார்த்தோ இருக்கிறது. நெட்ஃபிளிக்ஸ் போன்ற தளம் வசனத்தின் சத்தத்தையே அடிப்படையாக வைத்து, அதன் சராசரி ஒரு குறிப்பிட்ட அளவில் இருக்க வேண்டும் என்று விதி வைத்திருக்கிறது. அந்தச் சராசரிக்குள் முணுமுணுப்பும் அடங்கும், அலறலும் அடங்கும். வீட்டில் நீங்கள் செய்யக்கூடியது ஒன்று: ஆடியோ பகுதியில் 5.1 தவிர ஸ்டீரியோவும் (இரண்டு ஸ்பீக்கருக்கான கலவை) இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். டிவி செட்டிங்கில் பேச்சைத் தெளிவாக்கும் வசதி இருந்தால் போட்டுவிடுங்கள். எங்களுக்கு நல்ல வித்தியாசம் தெரிந்தது.

தளங்கள் படங்களை வாங்கும் முறையைப் பற்றியும் ஒரு வார்த்தை. பெரிய நாயகன் என்றால் படம் முடிவதற்கு முன்பே விலை பேசிவிடுகிறார்கள், சின்னப் படம் என்றால் தியேட்டரில் ஓடிக் காட்டு என்கிறார்கள். ‘கூழாங்கல்’ 2021-ல் நெதர்லாந்தின் ராட்டர்டாம் திரைப்பட விழாவில் அதன் பெரிய விருதான புலி விருதை வாங்கியது. நாம் வீட்டில் பார்க்க முடிந்தது 2023 அக்டோபரில்தான். பேச்சே அதிகம் இல்லாத அந்தப் படத்தை அப்பா என்னைவிட நன்றாகப் புரிந்துகொண்டார். வெயிலில் நடக்கும் அப்பனையும் பிள்ளையையும் புரிந்துகொள்ளக் காது எதற்கு?

தமிழுக்குத் தமிழ் வரி போடுவது வீண் செலவு என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். ஐ.ஐ.எம். அகமதாபாத்தில் இருந்த பிரிஜ் கோத்தாரி 1990-களிலேயே, பாட்டு எந்த மொழியோ அதே மொழியில் வரியைத் திரையில் போட்டால் அரைகுறையாக எழுத்துத் தெரிந்தவர்களும் படிக்கப் பழகுவார்கள் என்று சொல்லி, தூர்தர்ஷன் பாடல் நிகழ்ச்சிகளில் செய்தும் காட்டினார். எங்கள் அம்மா அப்படிப்பட்டவர்தான், எழுத்துக்கூட்டிப் படிப்பவர். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, 42-ஆம் பிரிவிலேயே திரையில் வரி போடுவதைப் பற்றிச் சொல்கிறது. 2024 மார்ச்சில் தியேட்டர்களுக்கென்று மத்திய அரசு தனியாக வழிகாட்டு நெறிகளும் வெளியிட்டது. வசனம் தமிழில் எழுதித்தானே படமெடுக்கிறார்கள்! அந்தக் காகிதம் எங்கேயோ இருக்கத்தானே செய்கிறது. நாங்கள் பார்க்கும் தளங்களுக்கெல்லாம் தமிழ் வரி கேட்டு எழுதியிருக்கிறேன், ஒவ்வொரு படத்துக்கும் எழுதுகிறேன். நீங்களும் எழுதுங்கள். நிறையப் பேர் கேட்டால் செய்வார்கள் என்று நம்புகிறேன்.

அதுவரை நாங்கள் கண்டுபிடித்த வழி, கூகுளின் லைவ் டிரான்ஸ்கிரைப் செயலி. காசு கிடையாது, தமிழ் உண்டு. போனை டிவி ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் வைத்தால் கேட்கும் பேச்சை எழுத்தாகப் போடும். சத்தமான படத்தில் அது உளறிக்கொட்டும், இசையையே வார்த்தையாக நினைத்து ஏதேதோ எழுதும். அமைதியான படத்தில் பத்துக்கு ஏழு வார்த்தை சரியாக வரும். ஒரு படத்தின் ஒலி எவ்வளவு சுத்தமாக இருக்கிறது என்பதற்கு இதைவிட நேர்மையான சோதனை எனக்குத் தெரியாது.

போன தையில் ஒரு ராத்திரி ‘கடைசி விவசாயி’ போட்டோம். அதில் முதியவராக வரும் நல்லாண்டி நிஜத்திலும் விவசாயி. படம் வெளிவருவதற்கு முன்பே இறந்துபோனவர், தேசிய விருதில் அவருக்குச் சிறப்புக் குறிப்பு கிடைத்தது. நீட்டிய ஒயரில் போனை அப்பா கையிலேயே கொடுத்து, சின்ன மைக்கை மட்டும் டிவிக்குப் பக்கத்தில் வைத்திருந்தோம். மயில்களைக் கொன்றதாகப் பெரியவர் மேல் பொய் வழக்குப் போட்டு நிறுத்தும் இடத்தில், அப்பா போனைப் படிக்கிறார், நிமிர்ந்து உதட்டைப் பார்க்கிறார், மறுபடி போன். அம்மா பாதியில் தூங்கிவிட்டார், மகளுக்கு மறுநாள் பரீட்சை. நான் கடைசி வரை கூட இருந்தேன், ஒரு வார்த்தைகூடச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

காலையில் அடுப்படியில் பால் காய்ச்சிக்கொண்டிருந்த அம்மாவுக்குப் பக்கத்தில் அப்பா நின்றிருந்தார். “பயிரு காஞ்சிடும்னு அந்தப் பெரியவரு கோர்ட்ல தவிச்சாரு தெரியுமா?” என்று தொடங்கி, நடுவில் ஒன்றையும் விடாமல் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். பால் பொங்கி அடுப்பு அணைந்ததை இரண்டு பேருமே கவனிக்கவில்லை.