நெட் ரன் ரேட் கணக்கை குரூப்பில் ஆளுக்கொரு மாதிரி சொல்கிறார்கள். எதை நம்புவது?

ஐபிஎல் லீக் சுற்றின் கடைசி வாரத்தில்தான் உங்களுக்கு இந்தக் கேள்வி வந்திருக்கும். புள்ளி சமமாக இருக்கும் அணிகளில் எது மேலே என்று பிரிக்கும் எண்தான் நெட் ரன் ரேட். அந்த வாரம் எந்த கிரிக்கெட் குரூப்பைத் திறந்தாலும் இதே பேச்சுதான். "17 ரன்ல தோத்தாலும் உள்ள போயிடலாம்" என்பார் ஒருத்தர். "இல்ல மச்சி, 20" என்பார் இன்னொருத்தர். நடுவில் யாராவது ஒரு படத்தை ஃபார்வர்டு செய்வார், அதில் மூன்றாவதாக ஒரு எண் இருக்கும். உட்கார்ந்து வகுத்துப் பார்த்தவர் யாரும் இருக்க மாட்டார். இதைக் கேட்டால் "கூகுள் பண்ணு" என்று கிண்டல் வேறு. எட்டாம் வகுப்புக் கணக்கு தெரிந்தால் போதும், நீங்களே போட்டுவிடலாம்.

தொடர் முழுக்க உங்கள் அணி எடுத்த மொத்த ரன்னை, பேட்டிங் செய்த மொத்த ஓவரால் வகுங்கள். எதிரணிகள் எடுத்த மொத்த ரன்னை, நீங்கள் பந்துவீசிய மொத்த ஓவரால் வகுங்கள். முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் வருவதுதான் நெட் ரன் ரேட். இதில் மூன்று இடங்களில் எல்லோரும் சறுக்குகிறார்கள்.

ஒன்று, ஓவருக்குப் பின்னால் வரும் புள்ளி. 15.2 ஓவர் என்றால் 15 ஓவரும் 2 பந்தும். கால்குலேட்டரில் 15.2 என்று அப்படியே அடித்தால் விடை தப்பு, 15.333 என்று அடிக்க வேண்டும். ஒரு பந்துக்கு .167, இரண்டுக்கு .333, மூன்றுக்கு .5, நாலுக்கு .667, ஐந்துக்கு .833. இதை மனப்பாடம் செய்யப் பிடிக்காதவர்கள் எல்லாவற்றையும் பந்துகளாக மாற்றி, ரன்னை 6 ஆல் பெருக்கி, பந்தால் வகுக்கலாம்.

இரண்டாவது, ஆல் அவுட். பாதிச் சண்டை இதில்தான் வருகிறது. 20 ஓவர் ஆட்டத்தில் ஓர் அணி 15.2 ஓவரில் சுருண்டுவிட்டால், கணக்கில் அது 20 ஓவரும் ஆடியதாகவே எழுதப்படும். பந்துவீசிய அணிக்கும் 20 ஓவர் வீசியதாகத்தான் வரும். வேகமாக அடித்து வேகமாக அவுட்டான அணிக்கு நல்ல ரன் ரேட் கிடைத்துவிடக் கூடாது என்பதற்காக வைத்த விதி. மழையால் ஆட்டம் 12 ஓவராகக் குறைந்திருந்தால் 20க்குப் பதில் 12.

மூன்றாவது, ஒவ்வொரு ஆட்டத்துக்கும் தனித்தனியாக நெட் ரன் ரேட் போட்டு, கடைசியில் சராசரி எடுப்பது. அப்படிச் செய்யக் கூடாது. ரன்னை ரன்னோடும் ஓவரை ஓவரோடும் கூட்டிவிட்டு, கடைசியில் ஒரே ஒருமுறைதான் வகுக்க வேண்டும்.

ஒரு கற்பனை அணியை வைத்துப் பாருங்கள். முதல் ஆட்டத்தில் 20 ஓவரில் 180 அடித்து, எதிரணியை 20 ஓவரில் 160க்குக் கட்டுப்படுத்தியது. இரண்டாவது ஆட்டத்தில் 15.2 ஓவரில் 120க்கு ஆல் அவுட், எதிரணி 12 ஓவரில் 121 அடித்து ஜெயித்தது. எடுத்தது 300 ரன், 40 ஓவர், அதாவது 7.5. கொடுத்தது 281 ரன், 32 ஓவர், அதாவது 8.781. நெட் ரன் ரேட் −1.281. ஆல் அவுட் விதியை மறந்து 35.333 ஓவரால் வகுத்தால் −0.291 வரும். ஆட்டத்துக்கு ஆட்டம் போட்டு சராசரி எடுத்தால் −1.542 வரும். ஒரே அணிக்கு மூன்று பேர் மூன்று எண் சொல்வது இப்படித்தான்.

இனி, ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே குரூப்பில் பதில் சொல்ல ஒரு குறுக்கு வழி. ஐபிஎல்லில் ஒவ்வொரு அணிக்கும் 14 லீக் ஆட்டம், பேட்டிங்கில் ஏறக்குறைய 280 ஓவர். ஆகவே கடைசி ஆட்டத்தில் ஒரு ரன்னின் மதிப்பு 1 ÷ 280, அதாவது 0.0036க்குப் பக்கம். போட்டியிடும் இரண்டு அணிகளும் நேருக்கு நேர் மோதினால் ஒரு ரன்னுக்கு ஒன்று ஏறும், மற்றது இறங்கும். இடைவெளி இரண்டு மடங்காக, 0.007 அளவுக்கு மாறும்.

2024 மே 18 அன்று பெங்களூரு சின்னசாமி மைதானத்தில் நடந்த ஆர்சிபி (பெங்களூரு அணி), சிஎஸ்கே (சென்னை அணி) ஆட்டத்தை இதில் போட்டுப் பாருங்கள். சிஎஸ்கே ரசிகர்களுக்கு இன்னும் ஆறாத புண், தெரியும். ஆனால் இந்தக் கணக்குக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது. ஆர்சிபி 218. ஆர்சிபி ஜெயித்தால் இரண்டு அணிக்கும் 14 புள்ளி. சிஎஸ்கே ஜெயிக்காவிட்டாலும் 201 எடுத்தால் பிளே ஆஃப். கடைசி ஓவரில் அதற்குத் தேவை 17 ரன். ஆர்சிபியின் யஷ் தயாள் வீசிய முதல் பந்தை தோனி மைதானத்துக்கு வெளியே அனுப்பினார், அடுத்த பந்தில் அவுட். சிஎஸ்கே 191ல் நின்றது. பட்டியலில் ஆர்சிபி +0.459, சிஎஸ்கே +0.392. இடைவெளி 0.067. அதை 0.00714ஆல் (2 ÷ 280) வகுத்தால் 9.4. பத்தாவது ரன்னில் தாண்டியிருக்கும். 191 + 10 = 201. அன்று டிவியில் ஓடிய எண்ணும் இதேதான்.

"சில ஆட்டம் சீக்கிரம் முடியும், அப்போது சரியாக 280 ஓவர் வராதே" என்று இதைப் படித்ததும் யாராவது சொல்வார்கள். சரிதான். இது தோராயம். ஒரு ரன் முன்னே பின்னே போகலாம். குரூப்பில் பதில் சொல்ல இது போதும். பந்தயம் கட்ட யாரும் இதைப் பயன்படுத்த வேண்டாம்.

சேஸ் செய்யும், அதாவது இரண்டாவதாக ஆடி இலக்கைத் துரத்தும் அணிக்கு ரன்னுக்குப் பதில் மிச்சம் பிடித்த பந்துதான் கணக்கு. ஒரு மிச்சப் பந்தின் மதிப்பு, அந்தத் தொடரில் உங்கள் அணியின் ரன் ரேட்டை 6 ஆல் வகுத்தால் வருவது. ஓவருக்கு 9, 10 ரன் அடிக்கும் அணிக்கு ஒரு பந்து என்பது ஒன்றரை ரன்னுக்குக் கொஞ்சம் மேல். அதே ஆட்டத்துக்கு முன்னால் "ஆர்சிபி 18 ரன்னில் ஜெயிக்கணும், இல்லேன்னா 200க்கு மேல் சேஸை 18.1 ஓவருக்குள் முடிக்கணும்" என்று சுற்றிவந்தது இந்தக் கணக்கை வைத்துத்தான். 18.1 என்றால் மிச்சம் 11 பந்து. பதினேழு ரன் சொச்சத்துக்குச் சமம், இலக்கைத் தாண்டும்போது கூடுதலாக வரும் ஒரு ரன்னைச் சேர்த்தால் 18. இரண்டும் ஒன்றுதான். ஆனால் குரூப்பில் இதை இரண்டு வெவ்வேறு கணக்கு மாதிரி அடித்துக்கொள்கிறார்கள்.

ஒன்றை மட்டும் யாரும் சொல்லித் தருவதில்லை. இலக்கைத் தொட வேண்டிய பந்து தாண்டிவிட்டால் வாய்ப்பு போய்விட்டது என்று நினைக்காதீர்கள். ஜெயிக்கும் ஷாட் சிக்ஸராக இருந்தால் ஆறு ரன்னும் கணக்கில் சேரும். இது தெரியாமல் ஒரு தேசிய அணியே வெளியேறியது. 2023 செப்டம்பர் 5, ஆசியக் கோப்பை (50 ஓவர் ஆட்டம்), லாகூர். இலங்கை 291. ஆப்கானிஸ்தான் 292ஐ 37.1 ஓவரில் எடுத்தால் அடுத்த சுற்று. 37 ஓவர் முடிவில் 289. அடுத்த பந்தில் முஜீப் கேட்ச் கொடுத்து அவுட். எல்லாம் முடிந்தது என்று அவர்கள் முகத்திலேயே தெரிந்தது. கடைசி ஆள் ஃபரூக்கி அடுத்த இரண்டு பந்தைத் தடுத்து ஆடினார், மூன்றாவதில் எல்பிடபிள்யூ. எதிர்முனையில் ரஷீத் கான் 27 ரன்னோடு நின்றுகொண்டிருந்தார்.

கணக்கு என்ன சொல்கிறது? ஏற்கெனவே இலங்கை வங்கதேசத்தை 39 ஓவரில் 165 அடித்து வென்றிருந்தது. அதோடு இந்த 291ஐச் சேர்த்தால் 456 ரன், 89 ஓவர், 5.124. ஆப்கானிஸ்தான் வங்கதேசத்துக்கு 334, இலங்கைக்கு 291 கொடுத்தது, மொத்தம் 625, 100 ஓவர், 6.25. எடுத்த பக்கம், முதல் ஆட்டத்தின் 245 (ஆல் அவுட், ஆகவே 50 ஓவர்). இப்போது 37.4வது பந்தில் சிக்ஸ் அடித்து 295 ஆகியிருந்தால்? ஆப்கானிஸ்தானுக்கு 540 ÷ 87.667 − 6.25 = −0.090. இலங்கைக்கு (கொடுத்தது வங்கதேசத்தின் 164ஐயும் சேர்த்து 459) 5.124 − 459 ÷ 87.667 = −0.112. ஆப்கானிஸ்தான் மேலே! 37.2ல் ஒரு ஃபோர் போதும், 293. ஒரு சிங்கிள் தட்டி ரஷீத்துக்குக் கொடுத்து, அவர் அந்த ஓவருக்குள் ஒரு சிக்ஸ் அடித்திருந்தாலும் 296, அதுவும் போதும். 38.1 வரைகூட 297 எடுத்தால் உள்ளே. ஆட்டம் முடிந்த பிறகு பயிற்சியாளர் ஜோனதன் டிராட், 37.1 ஓவர் கணக்கு மட்டும்தான் தங்களுக்குச் சொல்லப்பட்டது என்றார். இவ்வளவு பெரிய தொடரில் இதைப் போட்டுக் கையில் கொடுக்க ஒருவர் இல்லாமல் போனது எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை. நான் ஆப்கானிஸ்தான் ரசிகன் இல்லை. யாருக்கு நடந்தாலும் அநியாயம்தான்.

மழை வந்தால் என்ன ஆகும் என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முடிவு இல்லாமல் ரத்தான ஆட்டம் நெட் ரன் ரேட்டில் வராது. டிஎல்எஸ் (மழையால் ஓவர் குறையும்போது இலக்கைத் திருத்தும் கணக்கு) முறையில் இலக்கு மாற்றப்பட்டு ஆட்டம் முடிந்தால், முதலில் ஆடிய அணிக்கு அது உண்மையில் எடுத்த ரன் கணக்கில்லை. மாற்றிய இலக்கில் ஒன்று குறைவாக, இரண்டாவது அணிக்கு ஒதுக்கிய ஓவரில் எடுத்ததாக வரும். சேஸின் பாதியில் மழை வந்து அப்படியே முடிவு அறிவித்தால், அந்த நேரத்துப் பார் ஸ்கோர்தான் (அந்தப் பந்து வரை சமனாக இருக்கத் தேவையான ரன்) முதல் அணியின் ரன், ஓவர் இரண்டாவது அணி ஆடிய அளவு. ஆட்டம் சமனானால் வீசும் சூப்பர் ஓவரின் ரன் சேராது.

கேள்விக்குச் சம்பந்தமில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். குரூப்பில் பாதிச் சண்டை கணக்கால் வருவதில்லை, நேரத்தால் வருகிறது. டிடிஎச் வைத்திருப்பவருக்குப் பந்து முதலில் தெரியும், மொபைலில் பார்ப்பவருக்குப் பல விநாடி கழித்துத்தான் வரும். முதலாமவர் "போச்சுடா" என்று போட்டதும் இரண்டாமவருக்கு ஆட்டம் பார்த்த பலனே இல்லை. கடைசி நாலு ஓவருக்கு மட்டும் "மொபைல்ல பாக்குறவங்களுக்கு வந்த பிறகு பேசுங்க" என்று ஒரு விதி போடுங்கள். தேவையான ரன்னைச் சொல்லும்போது எந்தப் பந்துக்குப் பிறகு என்பதையும் சேர்த்தே எழுதச் சொல்லுங்கள். "17 வேணும்" என்று எழுதினால் யாருக்கும் பிரயோஜனமில்லை, "19.0ல், தகுதிக்கு 17, வெற்றிக்கு 35" என்று எழுதினால் சண்டையே வராது.

உள்ளூர் டென்னிஸ் பால் தொடர் நடத்துபவர்களுக்கும் ஒன்று. நுழைவுக் கட்டணம் வாங்கி லீக் முறையில் நடத்திவிட்டு, கடைசி நாளில் ஆல் அவுட்டான அணிக்கு ஆடிய ஓவரை மட்டும் போட்டு அரையிறுதிக்கு ஆள் எடுப்பது பல இடத்தில் நடக்கிறது. எட்டு ஓவர் ஆட்டத்தில் 40க்குச் சுருண்ட அணி அதனால் மேலே வந்துவிடுகிறது. ஸ்கோர் எழுதுபவர் வேண்டுமென்று செய்வதில்லை, யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான். ஆனால் காசு கட்டி, ஞாயிற்றுக்கிழமை வேலையை விட்டு வந்த பையன்களுக்கு அது நஷ்டம். முதல் ஆட்டத்துக்கு முன்பே கேப்டன்களிடம் கொடுக்கும் விதித்தாளில் "ஆல் அவுட் என்றால் முழு ஓவர்" என்று எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் எடுத்த ரன், பந்து, கொடுத்த ரன், பந்து என்று நாலு கட்டத்தில் குறித்து குரூப்பில் படமாகப் போடுங்கள். ஓவரில் எழுதாமல் பந்தில் எழுதுங்கள். கடைசி நாளில் கூட்டி வகுப்பது ஐந்து நிமிட வேலை.