கதவு திறந்த நேரத்தைக் குறித்து வையுங்கள்

கேள்வி: என் கணவர் சென்னையில் ஒரு வீடியோ கேம் ஸ்டூடியோவில் ஓவியர். வெளிநாட்டு விளையாட்டுகளுக்குக் கணினியில் கதாபாத்திரங்கள் உருவாக்குகிறார். மாதம் 45,000 ரூபாய். மூன்று மாதங்களாகக் காலை ஒன்பது மணிக்குப் போனால் இரவு பத்தரைக்குத்தான் வருகிறார். ஞாயிறும் விடுமுறை இல்லை. கூடுதல் பணம் கேட்டால், ‘பிடித்த வேலை கிடைத்ததே பெரிது’ என்கிறார்களாம். கட்டிக் கொடுக்கும் சப்பாத்தி தொடப்படாமல் திரும்பி வருகிறது. நான் புலம்புவது தவறா?
– வாசகி, குரோம்பேட்டை

அன்புச் சகோதரி,

தவறே இல்லை. 2004 நவம்பரில் கலிபோர்னியாவில் ஒரு பெண் இதே வேதனையைப் பெயர் போடாமல் இணையத்தில் எழுதினார். எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனத்தில் தன் துணைவர் காலை ஒன்பது முதல் இரவு பத்து வரை, வாரம் ஏழு நாளும், சுமார் 85 மணி நேரம் கூடுதல் ஊதியமின்றி உழைப்பதாகச் சொன்னார். எழுதியவர் எரின் ஹாஃப்மன் என்பது பிறகுதான் தெரிந்தது. ஊழியர்கள் தொடுத்த வழக்குகளில் அந்த நிறுவனம் 2005இல் ஓவியர்களுக்காக 1.56 கோடி டாலரும், 2006இல் நிரலாளர்களுக்காக 1.49 கோடி டாலரும் தர ஒப்புக்கொண்டது. வீட்டில் காத்திருந்த ஒருத்தியின் குரலுக்கு அவ்வளவு வலு இருந்தது.

‘பிடித்த வேலை’ என்ற பேச்சு எனக்குக் கோபமூட்டுகிறது. பிடித்துச் செய்தால் உழைப்பு இலவசமாகிவிடுமா? கணக்குப் போடுங்கள். வாரம் 48 மணி நேரம் என்றால் உங்கள் கணவருக்கு மணிக்குச் சுமார் 216 ரூபாய். அதுவே 80 மணி நேரமானால் 130 ரூபாய்தான். சம்பளச் சீட்டில் ஒரு ரூபாய்கூடக் குறையாமலேயே சம்பளத்தில் கைவைத்துவிட்டார்கள். இந்தக் கணக்கை அவரிடம் சண்டையாகச் சொல்லாதீர்கள். களைத்து வந்தவரிடம் நியாயம் பேசினால் காதில் ஏறாது. சாப்பிட்டு முடித்த பிறகு பக்கத்தில் உட்கார்ந்து காட்டுங்கள்.

1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வரம்பு வைத்திருக்கிறது. கூடுதல் நேரத்தையும் சேர்த்து வாரம் 54 மணியைத் தாண்டக் கூடாது. அந்தக் கூடுதல் நேரத்துக்கு இரட்டிப்பு ஊதியம். நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு இது பொருந்தாது. உங்கள் கணவர் வரைபவர், நிர்வாகி அல்லர். மாதச் சம்பளக்காரர் என்பதற்காக இந்த உரிமை பறிபோகாது.

ஒரு நோட்டு வாங்குங்கள். தினமும் அவர் கிளம்பிய நேரம், வந்த நேரம், எந்த வேலைக்காக நிறுத்தி வைத்தார்கள் என்பதைக் குறியுங்கள். இரவில் கதவைத் திறப்பவர் நீங்கள்தானே, மணி உங்களுக்குத் தெரியும். ‘ஞாயிறு வர வேண்டும்’ என்று வரும் செய்திகளை அவர் அழிக்காமல் வைத்திருக்கட்டும். தனியாகப் போய்க் கேட்க வேண்டாம். ஒரே அறையில் இதே அவதிப்படும் நாலைந்து பேர் சேர்ந்து, எழுத்தில் கேட்கட்டும். பதில் வராவிட்டால் அந்த நோட்டுடன் தொழிலாளர் துறையை அணுகலாம்.

வேலை போய்விடுமோ என்ற பயம் அவருக்கு இருக்கும், அது நியாயமான பயம். அதனால் கேட்பதற்கு முன்பே அவருடைய படைப்புகளில் வெளியே காட்ட அனுமதி உள்ளவற்றைத் தொகுத்து, வேறு ஸ்டூடியோக்களுக்கு விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். இந்த ஞாயிறு மட்டுமாவது அவர் வீட்டில் இருக்கட்டும். சப்பாத்தியைச் சூடாகப் போடுங்கள்.