கிரீடமும் ‘பி.எம்.’ எழுத்தும் குத்தியிருக்கும் வெள்ளி ரூபாய் எந்த நாட்டுடையது?

விக்டோரியா ராணி படம் போட்ட இந்திய வெள்ளி ரூபாய்தான். ஆனால் மேலே குத்தியிருக்கும் சின்ன முத்திரை போர்த்துகீசியருடையது. கிரீடமும் அதன் கீழே ‘பி.எம்.’ எழுத்தும் இருந்தால், ஆப்பிரிக்காவில் அவர்கள் ஆண்ட மொசாம்பிக் மாகாணம். 1889 வாக்கில் வெளிநாட்டு வெள்ளியைத் தங்கள் ஊரில் செல்லுபடியாக்க இப்படிக் குத்தினார்கள். ரூபாயில் மட்டுமல்ல, மரியா தெரேசா தாலர் என்ற ஆஸ்திரிய வெள்ளி நாணயங்களிலும் இது உண்டு. எழுத்து ‘ஜி.பி.’ என்றிருந்தால் அது அட்லாண்டிக் கடலில் உள்ள போர்த்துகீசிய அசோரஸ் தீவுகள், 1887.

இனி அசலா என்று பார்ப்போம். முதலில் நாணயத்தின் ஆண்டு. 1900 ரூபாயில் 1889 முத்திரை என்றால் சந்தேகமே வேண்டாம், போலி. தாலரில் இந்தச் சோதனை பலிக்காது. பிற்காலத்தில் அடித்ததிலும் 1780 என்றுதான் இருக்கும்.

அப்புறம் நாணயத்தைத் திருப்பி, முத்திரைக்கு நேர் பின்பக்கத்தைச் சாய்ந்த வெளிச்சத்தில் லென்ஸ் வைத்துப் பாருங்கள். குத்திய அடியில் அந்த இடம் கொஞ்சம் நசுங்கி, தட்டையாகியிருக்கும். அச்சில் வார்த்த போலியில் பெரும்பாலும் இது இருக்காது. பதிலாக ஊசிமுனைக் குழிகள் தெரியலாம். எடையும் போடுங்கள்: ரூபாய் 11.66 கிராம், தாலர் 28 கிராம் சுமார். தேய்மானத்தில் சிறிது குறையும், அது பரவாயில்லை.

நிஜ ரூபாயிலேயே புதிதாக முத்திரை குத்தி விற்பவர்களும் உண்டு. அதில் எடையும் பின்பக்கமும் சரியாகவே இருக்கும். தேய்ந்த நாணயத்தில் முத்திரை மட்டும் பளிச்சென்று கூர்மையாக இருந்தால் காசு கொடுக்காதீர்கள். புளி போட்டுத் தேய்த்துவிடவும் வேண்டாம், பழைய வெள்ளியில் படிந்த, நாம் பார்க்க வேண்டிய கறுப்பே போய்விடும்.