வேலை இழந்தவருக்குத் தன்னார்வ வழிகாட்டியாக இருந்து என்ன செய்ய முடியும்?

"எனக்கு ஆள் எடுக்கும் அதிகாரமும் இல்லை, சிபாரிசு செய்யும் செல்வாக்கும் இல்லை. நான் போய் என்ன கிழிக்கப் போகிறேன்?" என்று கேட்டிருக்கிறீர்கள். சில வருடங்களாக இந்த வேலையைச் செய்கிறேன். அந்த இரண்டும் இல்லாதவரிடம்தான் ஆட்கள் மனம்விட்டுப் பேசுகிறார்கள். அதிகாரம் உள்ளவரிடம் நல்ல பேர் வாங்கத்தான் பார்ப்பார்கள்.

ரெஸ்யூமைத் திருத்தித் தருவதுதான் பெரிய உதவி என்று நினைப்போம். அது ஒரு சாயங்கால வேலை. நாள் முழுக்கக் கையில் கிடக்கும் நேரம்தான் ஆளைத் தின்கிறது. 1930களின் தொடக்கத்தில், ஆஸ்திரியாவின் மரியன்தால் என்ற ஊரில் ஜவுளி ஆலை மூடப்பட்ட பிறகு, சமூக ஆய்வாளர்களான மரீ யஹோடா, பால் லாசர்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் சைசல் ஆகியோரின் குழு அந்த ஊரை ஆராய்ந்தது. பொழுது நிறையக் கிடைத்தும் நூலகத்தில் புத்தகம் எடுப்பது குறைந்திருந்தது. ஆண்கள் தெருவில் நடக்கும் வேகம்கூடத் தளர்ந்திருந்தது. அதனால் வாரம் ஒரு மணி நேரம், அதே கிழமை, அதே நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். "போன வாரம் யாரிடம் பேசினீர்கள்?" என்று கேட்க ஓர் ஆள் இருக்கிறார் என்பதே அந்த வாரத்துக்கு ஒரு பிடி கொடுக்கும்.

சரி, வேலை தேடுபவர் யாரிடம் பேசுவது? நெருங்கிய நண்பர்களுக்குத் தெரிந்தது பெரும்பாலும் அவருக்கும் தெரிந்திருக்கும். எப்போதாவது பார்க்கிற அறிமுகங்கள் வழியாகத்தான் வேலைச் செய்தி அதிகம் வருகிறது என்று அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1970களிலேயே காட்டினார். ஆனால் அவர்களைக் கூப்பிடத்தான் கூச்சம். கணக்குப் பிரிவில் இருந்த ஒருவர், பழைய சகாவுக்கு "வேலை ஏதாவது இருந்தால் சொல்லுங்கள் சார்" என்று என் முன்னாலேயே தட்டச்சு செய்வதும் அழிப்பதுமாக இருந்தார். "உங்கள் இடத்தில் இப்போது எந்த சாஃப்ட்வேரில் கணக்கு பார்க்கிறீர்கள்? பத்து நிமிடம் பேசலாமா?" என்று மாற்றினோம். அனுப்பிவிட்டார். வேலை கேட்டால் எதிராளி நெளிவார். விவரம் கேட்டால் சந்தோஷமாகப் பேசுவார்.

அப்புறம் இன்டர்வியூவில் வரும் அந்தக் கேள்வி: "நடுவில் ஏன் இவ்வளவு நாள் கேப்?" பழைய மேனேஜர் செய்த அநியாயத்தையெல்லாம் அங்கே கொட்டத் தோன்றும். கொட்டட்டும், உங்களிடம். இன்டர்வியூவுக்கு மூன்றே வாக்கியம் போதும்: என்ன நடந்தது, அதன்பின் என்ன செய்தேன், இந்த வேலைக்கு ஏன் வந்தேன். அதைக் குரல் தடுமாறாமல் வரும்வரை வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். மனதுக்குள் ஒத்திகை பார்ப்பது மட்டும் போதாது.

பணம் கடன் கொடுக்காதீர்கள். அவருக்குப் பதிலாக நீங்கள் விண்ணப்பம் போடாதீர்கள். தூக்கமே இல்லை, வாழப் பிடிக்கவில்லை என்று பேச ஆரம்பித்தால் அது உங்களால் ஆகிற காரியமில்லை. தாமதிக்காமல் அவரை மனநல மருத்துவரிடம் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுங்கள்.

வேலை கிடைத்த பிறகும் முதல் மாதம் அந்த ஒரு மணி நேரத்தை நிறுத்த வேண்டாம். தன்னைவிட இளையவர் மேலதிகாரியாக இருப்பார், சம்பளமும் முன்பைவிடக் குறைவாக இருக்கலாம். இரண்டாவது வாரத்திலேயே "விட்டுவிடலாமா?" என்று போன் வரும்.