மாமா பொண்ணும் சித்தப்பா பொண்ணும்

அன்புள்ள அக்கா,

ஊர் திண்டுக்கல் பக்கம், வேலை பெங்களூர்ல. வீட்ல எனக்கு மாமா பொண்ணையே பேசி வச்சிருக்காங்க. எங்க அப்பா அம்மாவும் சொந்தத்துல கட்டினவங்கதான். ஆபீஸ்ல லக்னோக்காரர் ஒருத்தர்கிட்ட சொன்னேன், "தங்கச்சியையா கட்டப்போற"ன்னு முகத்த சுளிச்சுட்டார். அதுலேர்ந்து எனக்கே ஒரு மாதிரியா இருக்கு. இத்தன வருஷம் தப்பாவே படலையே, அப்ப என் மனசுன்னு நான் நினைக்கிறது என்னோடதுதானா? பேர் போட வேணாம்.

தம்பி,

எங்கம்மா கட்டினது அவங்க சொந்தத் தாய்மாமாவ. எங்க அம்மாச்சிக்குத் தம்பியே மருமகன். அம்மா புகுந்த வீடுன்னு போனது அவங்க பாட்டி வீட்டுக்குத்தான், எந்தப் பானையில என்ன இருக்குன்னு தெரிஞ்ச வீடு. அதனால உங்க குழப்பம் எனக்கு நல்லாவே புரியுது.

ஒண்ணு கேக்குறேன், உங்க சித்தப்பா பொண்ண கட்டிக்கன்னு யாராச்சும் சொன்னா? படிக்கும்போதே உடம்பு கூசியிருக்கும். ஆனா ரத்தக் கணக்குல ரெண்டு பொண்ணும் ஒண்ணுதான், ரெண்டு பேரோடயும் உங்களுக்குப் பொதுவா இருக்கறது சுமாரா எட்டுல ஒரு பங்கு ஜீன். அப்ப அந்தக் கூச்சம் எங்கேருந்து வந்துச்சு? சித்தப்பாங்குற வார்த்தைக்குள்ளயே அப்பா இருக்காரு, அவர் பொண்ணு தங்கச்சி. மாமான்னா அம்மா கூடப்பொறந்தவர், மாமனாரும் மாமாதான், அத்தையும் அப்படியே. நீங்க பேச ஆரம்பிச்ச வயசுலயே யாரு முறை யாரு முறை இல்லன்னு நாக்குல எழுதியாச்சு, போதாததுக்கு தொட்டில்ல கிடக்கும்போதே "உன் பொண்டாட்டி வர்றா பாரு"ன்னு கேலி வேற.

லக்னோக்காரருக்கும் இதே கதைதான். இந்தியில மாமா பொண்ணு மமேரி பெஹன், சித்தப்பா பொண்ணு சச்சேரி பெஹன், பெஹன்னா அக்கா தங்கச்சி, எப்படிச் சொன்னாலும் கடைசியில பெஹன்னு முடிஞ்சிரும், கோத்திரம் பாத்து அந்நியத்துல கட்டுற ஊர்ல வளந்தவர் வேற எப்படி முகத்த வச்சுக்குவார்? அரபு நாடுகள்ல பல இடத்துல அப்பாவோட அண்ணன் தம்பி பொண்ணுதான் முதல் உரிமை, நமக்குக் கூசுறதே அங்க முறை. 1955 இந்து திருமணச் சட்டம் கூட இந்த உறவையெல்லாம் தடை உறவுல வச்சுட்டு, வழக்கம் இருந்தா செல்லும்னு ஒரு வாசல விட்டு வச்சிருக்கு, நம்ம பக்கத்துக் கல்யாணமெல்லாம் அந்த வாசல்லதான் நடக்குது. அதனால அவர் சுளிச்சதுக்காக வேணாம்னு சொல்லாதீங்க, அப்பா அம்மாவுக்கு நல்லாப் படுதுங்குறதுக்காக சரின்னும் சொல்லாதீங்க. நிலமும் நகையும் வெளிய போகாதுங்குற கணக்கும் அதுல உண்டு, அத பாசம்னே சொல்லிச் சொல்லி வளத்திருப்பாங்க.

எங்கண்ணனுக்குப் பிறவியிலேயே காது கேக்காது. சொந்தத்துல கட்டினதாலதான்னு யாரும் உறுதியா சொல்லல. ஆனா அம்மா சாகுறவரைக்கும் "நாங்க கட்டிக்கிட்டதாலயா?"ன்னு என்கிட்ட கேட்டுக்கிட்டே இருந்தாங்க, நான் ஒவ்வொரு தடவையும் இல்லம்மான்னுதான் சொன்னேன். பொதுவா நூத்துல ரெண்டு மூணு குழந்தைக்கு வர்ற பிறவிக் குறை, மாமா பொண்ணு அத்தை பையன் கட்டினா கிட்டத்தட்ட ரெண்டு மடங்காகுது. பெரும்பாலான குழந்தைங்க நல்லாத்தான் பொறக்குது, அதையும் சொல்லணும். ஆனா உங்க வீட்ல தலைமுறை தலைமுறையா இதே நடந்திருக்கு, அது கூடக்கூட ஆபத்தும் கூடும். காது கேக்காதவங்க, சின்ன வயசுல தவறின குழந்தைங்க ரெண்டு பக்கமும் யார் யாருன்னு பெரியவங்ககிட்ட கேட்டு எழுதி எடுத்துக்கிட்டு ஒரு மரபணு ஆலோசகரப் பாருங்க, கல்யாணத்துக்கு முன்னாடியே.

இன்னொண்ணு. லெட்டர்ல உங்க வீடு இருக்கு, ஆபீஸ் இருக்கு, லக்னோக்காரர் இருக்கார், அந்தப் பொண்ணு என்ன நினைக்குதுன்னு ஒரு வரி இல்ல. உங்கள மச்சான்னு கூப்பிடச் சொல்லி அதுக்கும் சின்னதுலயே பழக்கியிருப்பாங்க. பெரியவங்க பக்கத்துல இல்லாத நேரமா பாத்து அதுக்கு ஒரு போன் போடுங்க, வேணாம்னு அது சொன்னா அந்தப் பழி அது தலையில விழாம, நான்தான் வேணாம்னேன்னு வீட்ல நீங்க சொல்லுங்க.